46-30: ஒரு பழைய பெஜோவும் அதற்கு ஒத்துவராத முன் டீரெய்லர்களும்

வண்டி 1970களின் தொடக்கத்தில் வந்த பெஜோ பிஎக்ஸ்-10 சைக்கிள். இருக்கும் ஊர் பிரான்சின் சாந்த்-எத்தியென். ஓட்டுபவர் அறுபதைத் தாண்டிய நண்பர். கிராங்க் செட்டை, அதாவது பெடல் கைகளும் அவற்றோடு சுற்றும் முன் பல்சக்கரங்களும் (இங்கே வீல் என்பது இவற்றைத்தான்) சேர்ந்த தொகுதியை, மாற்றிய நாளிலிருந்து முன் கியர் சரியாக விழவில்லை என்பது அவர் புகார். பெரிய வீலில் போட்டால் கிராங்க் கை ஒவ்வொரு சுற்றுக்கும் "டக்" என்று டீரெய்லரில், அதாவது செயினை வீலுக்கு வீல் தள்ளும் கருவியில், இடிக்கிறது. சின்ன வீலுக்கு இறக்கினால் செயின் டீரெய்லர் கூண்டின் (செயினை இருபுறமும் அணைக்கும் இரட்டைத் தகடு) வாலில் உரசுகிறது, திரும்ப மேலே ஏற மறுக்கிறது. கடையில் டீரெய்லரை மாற்றிப் பார்த்தார்கள். புது டீரெய்லர் போனது, அதைவிடப் புதிது வந்தது. தொல்லை மட்டும் வடிவம் மாறிக்கொண்டே இருந்தது.

பழைய கிராங்க்குக்கு எந்த முன் டீரெய்லர் பொருந்தும் என்று கேட்பவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு மாடல் பெயர்தான் பதிலாகக் கிடைக்கும். இந்த வண்டியில் பெயர் உதவவில்லை, அளவுகள் உதவின. அதனால்தான் விவரமாக எழுதுகிறேன்.

வண்டி எப்படி வந்தது

பிஎக்ஸ்-10 பெஜோவின் பந்தய வண்டி. ரெனோல்ட்ஸ் 531 குழாய், மஃபாக் பிரேக், சிம்ப்ளெக்ஸ் டீரெய்லர், ஸ்ட்ராங்லைட் 93 கிராங்க். முன்னால் 52 பல் வீலும் 45 பல் வீலும். பின்னால் 14 முதல் 24 வரை ஐந்து பல்சக்கரம். இரண்டு முன் வீலுக்கும் நடுவே வெறும் 7 பல்தான் வித்தியாசம். இன்றைக்கு ரோடு வண்டி வாங்குபவருக்கு இது விசித்திரமாகத் தெரியும். அன்றைக்குப் பந்தயக்காரர்கள் அடுத்தடுத்த கியர்களுக்கு நடுவே சிறு இடைவெளி இருக்கவேண்டும் என்று இப்படித்தான் வைத்தார்கள்.

மிகத் தாழ்ந்த கியர் 45-க்கு 24. அதாவது பெடல் ஒரு சுற்று சுற்றினால் சக்கரம் 1.875 சுற்று, ஏறக்குறைய 3.9 மீட்டர். இருபத்தைந்து வயதில் சரி. சாந்த்-எத்தியென் மலையடிவார ஊர். ஊரை விட்டுத் தெற்கே கிளம்பினால் கொல் த லா ரெபுப்ளிக், 1161 மீட்டர். 1903-ல் நடந்த முதல் டூர் த பிரான்சிலேயே ஏறிய கணவாய். பல கியர் வேண்டும் என்று வாழ்நாள் முழுக்க வாதாடிய வெலோசியோ என்கிற பால் த விவி (1853–1930) இந்த ஊர்க்காரர்தான், அவருக்கு அந்தக் கணவாயில் நினைவுச்சின்னம் இருக்கிறது. டூர் அமைப்பாளர்கள் டீரெய்லரை அனுமதித்தது அவர் போய்ச் சேர்ந்த பிறகு, 1937-ல். அப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு 45-24 வைத்து முழங்காலைக் கெடுத்துக்கொள்வது அநியாயம் என்று நண்பர் நினைத்ததில் தவறே இல்லை.

எந்த கிராங்க்

ஸ்ட்ராங்லைட் 93-லேயே சின்ன வீல் போட்டுவிடலாமே என்றால், முடியாது. கிராங்க்கில் வீலைப் பிடிக்கும் போல்ட்கள் அமர்ந்திருக்கும் வட்டத்தின் விட்டம்தான் அந்த கிராங்க்கில் எவ்வளவு சின்ன வீல் போகும் என்பதைத் தீர்மானிக்கிறது. ஸ்ட்ராங்லைட் 93-ல் அது 122 மி.மீ., 38 பல்லுக்குக் கீழே இறங்குவது கடினம். கம்பானியோலோ ரெக்கார்ட் கிராங்க்கில் 1958-ல் 151 மி.மீ. இருந்தது, அறுபதுகளின் பின்பகுதியில் 144 ஆனது. அதிலும் 41-தான் எல்லை. மலையேற நினைப்பவருக்கு இரண்டுமே உதவாது.

நண்பர் தேர்ந்தெடுத்தது ஸ்பெஸியாலிதே டி.ஏ. நிறுவனத்தின் சைக்ளோடூரிஸ்ட் கிராங்க். ஐந்து சிறிய போல்ட்கள், வட்டம் 50.4 மி.மீ. பெரிய வீல் இந்தப் போல்ட்களில் நேராக கிராங்க் கையோடு சேரும். உள் வீல்கள் பெரிய வீலில் தொங்கும். அதனால் உள்ளே 26 பல் வரை இறங்கலாம். ஸ்ட்ராங்லைட் 49டி-யும் இதே 50.4 வட்டம்தான். பிரெஞ்சு டூரிங் வண்டிகளில் பல பத்தாண்டுகளாக இவைதான் ஓடின. அவர் போட்டது 46-30, அதாவது பெரிய வீலில் 46 பல், சின்னதில் 30. பின்னால் அதே 14-24. இப்போது தாழ்ந்த கியர் 1.25. ஒரு சுற்றுக்கு 2.6 மீட்டர் சொச்சம். மலைக்குப் போதும்.

நல்ல தேர்வு என்றுதான் சொல்வேன். கைகள் நேராக, வெளியே வளையாமல் இருக்கும், அதனால் இரண்டு பெடல்களும் நெருங்கி நிற்கும். இடுப்பு அகலம் குறைந்தவர்களுக்கு இது பெரிய சுகம். இன்றைய கிராங்க் கைகள் எல்லாம் வெளிப்பக்கமாக வளைந்து போகின்றன. அந்த வளைவு எதற்கு என்று பலருக்குத் தெரியாது. முன் டீரெய்லருக்கு இடம் விடுவது அதன் வேலைகளில் ஒன்று.

முதலில் ஆக்சில்

நான் வண்டியைப் பார்த்தபோது டீரெய்லரைத் தொடவே இல்லை. கிராங்க் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தேன்.

பின்பக்கம் 120 மி.மீ. அகல ஹப், ஐந்து பல்சக்கரம். அதன் நடுப் பல்சக்கரம் வண்டியின் மையக்கோட்டிலிருந்து சுமார் 44 மி.மீ. தள்ளி நிற்கும். முன்னால் இரண்டு வீல்களின் நடுக்கோடும் அதே 43.5-44-ல் நின்றால் செயின் நேராக ஓடும். இந்த வண்டியில் அது 48-ஐ ஒட்டி இருந்தது.

காரணம் கிராங்க் செட்டோடு சேர்த்துப் போட்ட புதிய கார்ட்ரிட்ஜ் பாட்டம் பிராக்கெட் (கிராங்க் மாட்டும் ஆக்சிலும் பேரிங்கும் ஒன்றாக அடைத்த தொகுதி). சதுர முனை ஆக்சில்களில் இரண்டு வழக்கம் உண்டு: ஜப்பானிய ஜேஐஎஸ், ஐரோப்பிய ஐஎஸ்ஓ. இரண்டின் சாய்வும் ஒன்றுதான், 2 டிகிரி. முனையின் பருமன்தான் வேறு, ஜேஐஎஸ் கொஞ்சம் தடிமன். ஐஎஸ்ஓ-வுக்குத் துளைத்த கிராங்கை அதே நீள ஜேஐஎஸ் ஆக்சிலில் மாட்டினால் அது முழுதாக உள்ளே போகாமல் சுமார் 4.5 மி.மீ. வெளியே நின்றுவிடும். டி.ஏ. ஐஎஸ்ஓ பக்கம். கணக்குப் போட்டால் 43.5-உடன் 4.5 சேர்ந்து 48. அளந்ததும் அதுவே.

இந்த 4.5 மி.மீ. சின்ன விஷயம் இல்லை. வெளிப்பக்கம் தள்ளி நிற்கும் வீலைத் துரத்திக்கொண்டு டீரெய்லரும் வெளியே போகவேண்டும். அந்த வீச்சுக்காக, டீரெய்லர் எவ்வளவு தூரம் போகலாம் என்று கட்டுப்படுத்தும் திருகாணியை எல்லை வரை திறக்கவேண்டும். பழைய ரோடு டீரெய்லர்கள் அவ்வளவு வெளியே எட்டச் செய்யப்பட்டவை இல்லை.

இங்கே பரவலான ஒரு தப்பு வைத்தியத்தைச் சொல்லவேண்டும். கிராங்க் கை டீரெய்லரில் இடிக்கிறதா, நீளமான ஆக்சில் போடு என்பார்கள். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும். ஆனால் ஆக்சில் நீண்டால் கை மட்டும் வெளியே போவதில்லை, வீலும் கூடவே போகிறது. வீல் போனால் டீரெய்லர் பின்னாலேயே போயாகவேண்டும். கைக்கும் வீலுக்கும் நடுவில் இருக்கும் இடம் கிராங்க் வார்க்கப்பட்ட நாளிலேயே முடிவாகிவிட்டது. ஆக்சிலால் அதில் அரை மில்லிமீட்டர்கூடக் கூட்ட முடியாது. நீளமான ஆக்சில் உதவும் இடங்கள் வேறு: உள் வீல் செயின்ஸ்டே குழாயில் (பின்சக்கரத்துக்குப் போகும் கீழ்க்குழாய்) இடித்தால் உதவும், டீரெய்லரின் உள்தகடு சின்ன வீல் வரை உள்ளே எட்டாமல் நின்றால் உதவும். 52-45-ஐக் கழற்றி 46-30 போட்ட வண்டியில் வீல்கள் சிறுத்துவிட்டதால் முதல் பிரச்சினையே இல்லை.

ஆக, ஐஎஸ்ஓ முனை ஆக்சில் ஒன்று தேடவேண்டியிருந்தது. பிஎக்ஸ்-10-ல் பாட்டம் பிராக்கெட் மரை பிரெஞ்சு அளவு: விட்டம் 35 மி.மீ., புரியிடை 1 மி.மீ., இரண்டு பக்கமும் வலது மரை. ஆங்கில மரைக் கப் (பேரிங்கைப் பிடிக்கும் கிண்ணம்) அதில் ஏறாது. வற்புறுத்தி ஏற்ற நினைத்தால் பிரேம் போச்சு. பழைய டி.ஏ. ஆக்சிலும் அந்தக் காலத்துப் பிரெஞ்சு கப்புகளும் பழைய சாமான் சந்தையில் கிடைத்தன.

கிராங்கைக் கழற்றும்போது இன்னொரு கண்ணி. கிராங்கை இழுத்தெடுக்கும் கருவியான புல்லரின் மரை சாதாரணமாக 22 மி.மீ. டி.ஏ.-வின் துளை 23 மி.மீ. ஸ்ட்ராங்லைட் பழைய கிராங்க்குகளில் 23.35. 22 மி.மீ. புல்லர் 23-க்குள் லேசாகப் பிடிப்பதுபோலத் தோன்றும், இழுத்தால் அலுமினிய மரையை வழித்துக்கொண்டு வெளியே வரும். கெட்டுப்போன டி.ஏ. கிராங்க்குகளில் பாதி இப்படிக் கெட்டவையாகத்தான் இருக்கும் என்பது என் சந்தேகம். சரியான புல்லர் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

ஆக்சில் மாறியதும் நடுக்கோடு 44-க்குள் வந்தது. டீரெய்லரைப் பற்றிப் பேசவே இதற்குப் பிறகுதான் அர்த்தம்.

பழைய டீரெய்லர் ஏன் போதவில்லை

வண்டியோடு வந்த சிம்ப்ளெக்ஸ் டீரெய்லரைத் திரும்ப மாட்டலாம் என்பது நண்பரின் ஆசை. சிம்ப்ளெக்ஸ் திழோன் நகர நிறுவனம், தொடங்கியவர் லூசியன் ஜுயி. அவர் பெயரின் முதலெழுத்துகளைத்தான் பின்னாளில் எல்ஜே வரிசை டீரெய்லர்கள் தாங்கின. அதற்கு முந்தைய பல மாடல்களில் உடலும் கிளாம்ப்பும் டெல்ரின் என்ற பிளாஸ்டிக். ஐம்பது வருடம் ஆன பிளாஸ்டிக் கிளாம்ப்பை அளவுக்கு மேல் முறுக்குவது புத்திசாலித்தனம் இல்லை. ஆனால் அதை ஒதுக்கியதற்குக் காரணம் பிளாஸ்டிக் இல்லை, கணக்கு.

செயினின் ஒரு முள்ளிலிருந்து அடுத்த முள்ளுக்கு 12.7 மி.மீ. 52 பல் வீலில் செயின் ஓடும் வட்டத்தின் ஆரம் 105 மி.மீ. 45-க்கு 91. வித்தியாசம் 14 மி.மீ. அந்த டீரெய்லரின் கூண்டு இந்த 14-ஐச் சமாளிக்க வளைக்கப்பட்டது. புதிய ஜோடியில் 46-க்கு ஆரம் 93, 30-க்கு 60.6. வித்தியாசம் 32 மி.மீ.

பெரிய வீல் சிறுத்ததால் டீரெய்லரை சீட் டியூபில் (இருக்கையைத் தாங்கும் குழாய்) 12 மி.மீ. கீழே இறக்கவேண்டும். கிளாம்ப் வகை என்பதால் அது சுலபம். பிரேமிலேயே பற்றவைத்த தாங்கியில் மாட்டும் வகையாக இருந்தால் பல வண்டிகளில் 46 வரை இறங்காது, அதோடு கதை முடிந்திருக்கும். ஆனால் 12 இறக்கியும் போதவில்லை. செயின் 30-லும் பின்னால் 14-லும் இருக்கும்போது கூண்டின் வால் இருக்குமிடத்தில், அதாவது கிராங்க் மையத்திலிருந்து பத்து சென்டிமீட்டர் பின்னால், செயின் எவ்வளவு உயரத்தில் ஓடுகிறது என்று வரைந்து பார்த்தால் தெரியும்: பழைய ஜோடியில் கூண்டு பார்த்த இடத்தைவிட இன்னும் 11-12 மி.மீ. கீழே. கூண்டின் பின்முனையில் இரண்டு தகடுகளையும் இணைக்கும் திருகாணி அந்த உயரத்தில்தான் நிற்கிறது. உரசல் அங்கேதான்.

மேலே ஏற மறுத்ததும் இதனால்தான். செயினை 30-லிருந்து 46-க்குத் தூக்குவது உள்தகடு. ஆழம் குறைந்த உள்தகடு செயினை நடுவில் பிடிக்காமல் கீழ் விளிம்பால் நெம்புகிறது. பெடல் மேல் பாரம் இருந்தால் செயின் நகராது.

வளைவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 52-க்கு வளைத்த கூண்டை 46-ல் போட்டால் ஆகவே ஆகாது என்று பலர் சொல்வார்கள். கணக்குப் பார்த்தால் அவ்வளவு பயங்கரம் இல்லை. எட்டு சென்டிமீட்டர் நீளக் கூண்டின் நடுப்பகுதி வீலோடு ஒத்து நின்றால் இரண்டு முனையிலும் 1 மி.மீ.தான் விலகும். முன்முனை ஒத்து நின்றால் வால் 4 மி.மீ. வரை விலகும். எது நடக்கும் என்பதை சீட் டியூபின் சாய்வு தீர்மானிக்கிறது. நான்கு மில்லிமீட்டர் விலகினால் மாற்றம் கொஞ்சம் மந்தமாகும், வேலை நிற்காது. வளைவுக்காக மட்டும் ஒரு டீரெய்லரை ஒதுக்கமாட்டேன்.

புதிய டீரெய்லர் ஏன் இடித்தது

கடையில் மாட்டிக்கொடுத்தவை பத்து, பதினொரு கியர் காலத்து ரோடு டீரெய்லர்கள். விலை அதிகம், நேர்த்தி அதிகம், இந்த வண்டிக்கு மட்டும் ஆகாது.

வீலின் மையத்திலிருந்து வெளிப்பக்கமாக எண்ணுவோம். இந்த வண்டியில் ஓடும் செயினின் அகலம் 7.2 மி.மீ. அளவில், பாதி 3.6. செயின் உரசாமல் இருக்க அதற்கும் கூண்டின் வெளித்தகட்டுக்கும் நடுவே 1 மி.மீ. பழைய கூண்டின் தகடு தட்டையான எஃகு, 1.2 அளவு. மொத்தம் 6 மி.மீ.-க்குள் முடிந்துவிடும். புதிய கூண்டின் வெளித்தகட்டில் விறைப்புக்காக மேடும் மடிப்பும் இருக்கும். அது 3 மி.மீ. என்று வைத்தாலே கணக்கு 7.6-க்குப் போகிறது. இந்த கிராங்க்கில் கைக்கு முன் கிடைத்த இடம் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே விழுந்தது. எழுந்து நின்று மிதித்தால் பிரேமும் கையும் வளைகிற வளைச்சல் வேறு. பழைய தகடு தப்பிக்கும், புதிய தகடு இடிக்கும். இதில் தயாரிப்பாளர் யாரையும் குறை சொல்ல ஒன்றும் இல்லை. வெளியே வளைந்த கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வடிவமைத்த கூண்டு அது.

திருகாணியை இறுக்கி வெளித்தகட்டை உள்ளே கொண்டுவந்தால் இடி நிற்கும்தான். அப்புறம் பின்னால் சின்னப் பல்லுக்குப் போனதும் செயின் வெளித்தகட்டில் உரசும். கடையில் இதைத்தான் மாற்றி மாற்றிச் செய்திருக்கிறார்கள். நேர்மையான முயற்சிதான், ஆனால் 6-க்கும் 7.6-க்கும் நடுவில் உள்ள இடைவெளியைத் திருகாணி நிரப்பாது.

இன்னொன்றும் உண்டு. பத்து கியர் செயின் 5.9 மி.மீ., பதினொன்றுக்கு 5.5. அந்தச் செயினுக்கென்று கூண்டும் ஒடுங்கியிருக்கும். 7.2 செயினை அதில் விட்டால் பின்னால் ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் முன்னால் லீவரைத் தொட்டுச் சரிசெய்துகொண்டே இருக்கவேண்டும். செயினையும் ஒடுக்கமாக்கிவிடலாமே என்றால், டி.ஏ.-வில் வீல்களுக்கு நடுவே உள்ள வளையங்கள் பழைய அகலச் செயினுக்கு அளந்தவை. ஒடுங்கிய செயின் இரண்டு வீலுக்கும் நடுவில் விழுந்து வழுக்கும். வளையத்தைத் தேய்த்து ஒடுக்குபவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது தேவையில்லாத சாகசமாகத் தோன்றுகிறது. எட்டு கியர் செயின் 7.1, எல்லா இடத்திலும் கிடைக்கிறது, விலையும் குறைவு. அதைப் போட்டு நிம்மதியாக இருக்கலாம்.

மலை சைக்கிள் டீரெய்லர் ஒன்றையும் கடைக்காரர் யோசித்திருந்தார். அவற்றின் கூண்டு 46-48 பல்லுக்கு வளைத்தது, உள்தகடும் ஆழம், காகிதத்தில் அருமையாகப் பொருந்தும். ஆனால் மலை சைக்கிளின் செயின் கோடு, அதாவது வண்டியின் மையக்கோட்டிலிருந்து வீல்களின் நடுக்கோடு வரையான தூரம், 47.5 முதல் 50 மி.மீ. அங்கே வேலை செய்யப் பிறந்த டீரெய்லரை 44-க்கு உள்ளே இழுத்தால், உடல் சீட் டியூபில் முட்டி நின்றுவிடும், உள்தகடு 30 பல் வீல் வரை எட்டாது. ஆக்சிலை மாற்றாமல் 48-லேயே விட்டிருந்தால் ஒருவேளை இது ஒத்துப்போயிருக்கும். அப்போது பின்னால் செயின் கோணல் ஓட்டம். டீரெய்லருக்காகச் செயினை வளைப்பது என் மனதுக்கு ஒப்பவில்லை.

மாட்டியது

இவ்வளவு பார்த்தபிறகு தேடவேண்டியது என்ன என்பது தெளிவு: வெளித்தகடு தட்டையாக, மேடு இல்லாமல், உள்தகடு ஓரளவு ஆழமாக, உள்பக்க வீச்சு 44 மி.மீ. கோட்டுக்கு ஏற்றபடி. எழுபதுகளின் பின்பாதியில் வந்த டூரிங் டீரெய்லர்கள் இந்த மூன்றுக்கும் பொருந்தும். ஆண்டும் பெயரும் பார்த்து "பிரெஞ்சு வண்டிக்குப் பிரெஞ்சு டீரெய்லர்தான்" என்று நிற்பவர்கள் உண்டு. காட்சிக்கு வைக்கும் வண்டியென்றால் சரி. இது மலையேறும் வண்டி.

முதலில் கையில் இருந்த கம்பானியோலோ நுவோவோ ரெக்கார்டை மாட்டினோம். மெல்லிய தட்டைக் கூண்டு, கிராங்க் கையிலிருந்து நன்றாகவே விலகி நின்றது. இந்த டீரெய்லர் பந்தயத்தின் 52-42-க்கு ஏற்றது, ஆழம் குறைவு. 30-க்கு இறங்கினால் பின்னால் கடைசி இரண்டு சின்னப் பல்லில் வால் உரசியது. மேலே ஏற்றும்போது கொஞ்சம் காத்திருக்கவேண்டியிருந்தது. மோசமில்லை, பலர் இதோடு சந்தோஷமாகவே ஓட்டுகிறார்கள்.

வண்டியில் கடைசியாக நிலைத்தது சன்டூரின் ஒரு டூரிங் டீரெய்லர். பழைய சாமான் சந்தையில் நுவோவோ ரெக்கார்டின் விலையில் சிறு பகுதிகூட இல்லை. உள்தகடு அதைவிட ஆழம். சின்ன வீலோடு பின்னால் ஆகச் சின்னப் பல்லில் மட்டும் லேசான உரசல். 30-14 கியரை யாரும் பயன்படுத்தத் தேவையில்லை, 46-ல் அதற்குச் சமமான கியர் இருக்கிறது.

சன்டூர் வாங்கும்போது ஒன்று கவனிக்கவேண்டும். ஸ்பிர்ட், காம்பே-வி போன்ற அவர்களுடைய சில மாடல்களில் ஸ்பிரிங் தலைகீழ். ஒயரைத் தளர்த்தினால் செயின் பெரிய வீலுக்குப் போகும், இழுத்தால் சின்னதுக்கு வரும். இதில் ஒரு நன்மை உண்டு: ஏற்றத்தில் மூச்சு வாங்கும்போது செயினைக் கீழே இறக்குவது ஸ்பிரிங்கின் தயவில் இல்லை, உங்கள் கைப்பலத்தில் இருக்கிறது. ஆனால் நாற்பது வருடம் மற்ற பக்கம் பழகிய கைக்கு அது வேதனை. நண்பர் வேண்டாம் என்றுவிட்டார். வழக்கமான திசையில் இயங்கும் மாடலாகப் பார்த்து வாங்கினோம்.

கிளாம்ப் அளவு அடுத்த தடங்கல். ஜப்பானிய, இத்தாலிய டீரெய்லர்களின் கிளாம்ப் 28.6 மி.மீ. பிரெஞ்சு மெட்ரிக் குழாய் 28.0. நடுவே சுற்றிலும் 0.3 மி.மீ. காலி. அப்படியே முறுக்கிப் பிடிக்க வைப்பவர்களும் இருக்கிறார்கள், ஆனால் கிளாம்ப்பின் இரண்டு காதும் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் அதற்கு மேல் பிடிமானம் வராது, பாரத்தில் டீரெய்லர் திரும்பிவிடும். குளிர்பான டின்னின் பக்கத் தகடு ஏறக்குறைய 0.1 மி.மீ. மூன்று சுற்று சுற்றினால் அளவாக வரும். ஓரங்களை மழுங்கத் தேய்த்துக்கொள்ளவேண்டும், இல்லாவிட்டால் பெயின்டைக் கீறும், கையையும்.

பிறகு வழக்கமான வேலைகள்தான். வெளித்தகடு பெரிய வீலின் பல்லுக்கு மேலே 2 மி.மீ. வெளித்தகடு வீலுக்கு இணையாக. வெளி எல்லைத் திருகாணியை, செயின் 46-லும் 14-லும் இருக்கையில் உரசல் நிற்கும் இடத்தில் நிறுத்தினோம். உடனே கிராங்க் கையை மெதுவாக ஒரு சுற்று சுற்றி, தகட்டின் முழு நீளத்திலும் இடைவெளியைப் பார்த்தோம். இந்தச் சோதனையை வண்டியை ஸ்டாண்டில் வைத்து முடித்துவிடாதீர்கள். ஒருவர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பெடல் மேல் எழுந்து நிற்க, இன்னொருவர் குனிந்து பார்க்கவேண்டும். ஸ்டாண்டில் 1 மி.மீ. காட்டிய இடம் ஆள் நின்றால் பாதியாகும்.

லீவர் பற்றிக் கவலை இல்லை. டவுன் டியூபில் உள்ள ஃப்ரிக்‌ஷன் லீவருக்குப் படி கிடையாது, எந்த டீரெய்லர் எவ்வளவு ஒயர் கேட்டாலும் கொடுக்கும். படிபடியாகக் கிளிக்காகும் லீவராக இருந்திருந்தால் மேலே சொன்ன தேர்வுகளில் பெரும்பாலானவை அடிபட்டுப்போயிருக்கும். பழைய கிராங்க் வைத்திருப்பவர்கள் முன்பக்கத்துக்காவது ஃப்ரிக்‌ஷனை விடாமல் வைத்துக்கொள்ளட்டும்.

பின் டீரெய்லரையும் பார்க்காமல் விடக்கூடாது. முன்னால் 16 பல், பின்னால் 10 பல், மொத்தம் 26 பல் அளவுக்குச் செயின் தொய்வை அது சுருட்டவேண்டும். பழைய ஏற்பாட்டில் 17 போதுமானதாக இருந்தது. கூண்டு கொஞ்சம் நீண்ட பின் டீரெய்லர் அதற்காகத் தனியாக வந்தது.

வேறு கிராங்க் வைத்திருப்பவர்களுக்கு

ஸ்ட்ராங்லைட் 93, கம்பானியோலோ 144 போன்றவற்றில் இவ்வளவு தலைவலி இல்லை. 52-42 என்றால் 10 பல், 52-38 என்றால் 14 பல். அந்தக் காலத்து ரோடு டீரெய்லர் எதுவும் சமாளிக்கும். ஸ்ட்ராங்லைட் 49டி வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன கை இடைவெளிக் கணக்கை அப்படியே போட்டுப் பார்க்கவேண்டும். ஸ்ட்ராங்லைட் 99-ன் வட்டம் 86 மி.மீ., 28 பல் வரை இறங்கும். 46-30 வேண்டும், டி.ஏ. கிடைக்கவில்லை என்றால் அதைத் தேடலாம்.

மூன்று வீல் கிராங்க்கில் கேள்வி தலைகீழாகிவிடும். பழைய டூரிங் வண்டிகளில் 50-45-28 போன்ற ஏற்பாடு நிறைய உண்டு. மேல் இரண்டு வீலும் நெருக்கம், மூன்றாவது மலைக்கு மட்டும். அப்படிப்பட்ட வண்டிக்கு ஆழமான உள்தகடு எதிரி. 50-க்கும் 45-க்கும் ஆர வித்தியாசம் 10 மி.மீ.தான். பிற்காலத்து மூன்று வீல் டீரெய்லர்கள் 52-42 போன்ற, 20 மி.மீ. இறக்கத்துக்கு வளைத்தவை. கூண்டு பெரிய வீலுக்கு மேலே வரும்போது அவற்றின் உள்தகடு நடு வீலின் பல்லில் போய் உட்கார்ந்துவிடும். டீரெய்லரை உயர்த்தினால் பல்லிலிருந்து விடுபடும், ஆனால் வெளித்தகடு பெரிய வீலை விட்டு ஒரு சென்டிமீட்டர் தூரம் போய் எதுவும் மாறாது. ஆகவே 50-45-28 வைத்திருப்பவர் சந்தையில் டீரெய்லரைக் கையில் எடுத்ததும் பார்க்கவேண்டியது, உள்தகடு வெளித்தகட்டைவிட எவ்வளவு கீழே இறங்குகிறது என்பதை. ஒரு ஸ்கேல் கொண்டுபோங்கள். முன்பாதியில் 10 மி.மீ.-க்கு மேல் இறங்கினால் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கீழே வைத்துவிடலாம்.